மலைக்கு ஏறி வர்ற வண்டியும் நம்ம குளிரும்: டயர் காத்து, எயார் சஸ்பென்ஷன் பத்தி கொஞ்சம்

ஜனவரி பொறந்து பொங்கல் கிட்ட வந்துட்டா நம்ம பக்கம் குளிர் எப்படின்னு இங்க இருக்கறவங்களுக்கு யாரும் சொல்லத் தேவையில்ல. நுவரெலியா, கந்தப்பளை, அம்பேவளை பக்கமெல்லாம் வானம் தெளிஞ்ச ராத்திரியில உறைபனி விழுந்து கொழுந்து கருகிப் போற மாசம் இது, டிவியில புல்லு வெள்ளையா கெடக்கறதக் காட்டுவாங்க, அதப் பாத்துட்டு கொழும்புல இருந்தும் நீர்கொழும்புல இருந்தும் சனம் வண்டி வண்டியா ஏறி வரும். நான் நானுஓயாவுல இருந்து ஹயர் (வாடகை வண்டி) ஓடறவன், ரோட்டுலயும் ஹோட்டல் வாசல்லயும் தான் என் பொழப்பு, அதனால இந்த சீசன்ல காலையில ஆறு மணிக்கு ஒரு ஹோட்டல் கார் பார்க்குல நின்னீங்கன்னா என்னென்ன கேள்வி காதுல விழும்னு எனக்கு நல்லாத் தெரியும். "நேத்து தானே காத்து அடிச்சோம், ஏன் டயர் லைட் எரியுது?" "வண்டி பின்னுக்கு குந்திக்கிட்டு இருக்கே, எயார் சஸ்பென்ஷன் போயிருச்சா?"

இதுக்கெல்லாம் நெட்டுல தேடினா கனடாக்காரனும் ஜேர்மன்காரனும் எழுதினது தான் வருது, மைனஸ் இருபது, ஐஸ் ரோடு, உப்புத் தூவின ரோடு, விண்டர் டயர்னு. நம்ம கதை அது இல்ல. இங்க குளிர் மட்டும் தனியா வரல, உயரமும் சேர்ந்து வருது, ஈரமும் சேர்ந்து வருது, அதோட பகல்ல கம்பளையில வேர்த்து வடியற வெயில்ல ஓடின அதே டயர் அடுத்த நாள் விடியக்காலையில நுவரெலியாவுல 5 டிகிரியில நிக்குது. ஒரே நாள்ல இவ்வளவு வித்தியாசம் பாக்கற வண்டிக்கு நம்ம ஊர்க் கணக்கு தான் சரி வரும், அதத்தான் எழுதலாம்னு உக்காந்தேன்.

முதல்ல டயர். மூடி இருக்கற டயருக்குள்ள இருக்கற காத்து சூடானா அழுத்தம் ஏறும், குளிர்ந்தா இறங்கும், இது எல்லாருக்கும் தெரிஞ்சது தான். எவ்வளவு இறங்கும்ங்கறது தான் விஷயம். சாதாரண கார் டயருக்கு, அதாவது 32, 33 பிஎஸ்ஐ (டயர் காத்தோட அழுத்தத்த அளக்கற அலகு) போடற டயருக்கு, 10 டிகிரி செல்சியஸ் குறைஞ்சா ஏறக்குறைய ஒன்றரை பிஎஸ்ஐ குறையும். அப்போ கொழும்புல 30 டிகிரி, நுவரெலியாவுல விடிய 5 டிகிரின்னா 25 டிகிரி வித்தியாசம், நாலு பிஎஸ்ஐ போயிடணும், 33 போட்டது 29 தான் காட்டணும். நெட்டுல படிச்சவங்க இதத்தான் சொல்லி பயமுறுத்துவாங்க.

ஆனா உண்மையில காத்தழுத்தம் அளக்கற கேஜ் வச்சுப் பாத்தா அவ்வளவு குறையாது. ஏன்னா நுவரெலியா கடல் மட்டத்துல இருந்து 1868 மீட்டர் உயரம். அங்க வெளியில இருக்கற காத்தோட அழுத்தமே கொழும்பை விட அஞ்சுல ஒரு பங்கு கம்மி, கொழும்புல 14.7 பிஎஸ்ஐன்னா இங்க 12க்கும் கொஞ்சம் குறைவு. நம்ம கேஜ் காட்டறது டயருக்கு உள்ள இருக்கற அழுத்தம் வெளிய இருக்கறத விட எவ்வளவு கூடங்கறத மட்டும் தான், டயரோட பக்கச் சுவரத் தூக்கி நிறுத்தறதும் அந்த வித்தியாசம் தான். வெளிய மூணு பிஎஸ்ஐ குறைஞ்சா கேஜ்ல மூணு ஏறும். குளிர் நாலு எடுக்குது, உயரம் மூணு திருப்பிக் குடுக்குது. அப்போ கொழும்புல காலையில வீட்டுல டயர் ஆறி இருக்கும்போது 33 போட்டுட்டு வந்தவருக்கு நுவரெலியாவுல விடியக்காலையில 32 கிட்ட இருக்கும். ஒண்ணும் செய்யத் தேவையில்ல. திரும்ப இறங்கும்போதும் அப்படித்தான், இங்க காலைக் குளிர்ல 33 வச்சா கொழும்பு போய் ஆறினதும் 34 கிட்ட நிக்கும். இந்தக் கணக்கப் போட்டுப் பாத்தப்ப எனக்கே சந்தோஷமா இருந்தது, மலைக்குப் போறோம்னு பயந்து முன்னாடியே கூடக் காத்து அடிச்சுட்டு வர்ற ஆளுங்களுக்கு அது தேவையே இல்லன்னு தைரியமாச் சொல்லலாம்.

அப்போ லைட் ஏன் எரியுது? இங்க தான் விஷயம் இருக்கு. நெறைய பேர் செய்யறது என்னன்னா மலை ஏறி வந்து சேர்ந்த கையோட பெற்றோல் ஷெட்டுலயோ டயர் கடையிலயோ நிறுத்தி காத்துப் பாக்கறாங்க. கம்பளை, புசல்லாவ, ரம்பொடைன்னு வளைஞ்சு வளைஞ்சு ஏறி வந்த டயர் நல்லா சூடாகி இருக்கும், உள்ள இருக்கற காத்து 45 டிகிரி கூட இருக்கலாம். கேஜ் வச்சா 37, 38 காட்டும். கடையில நிக்கற பொடியன் "அண்ணே, கூட இருக்கு, எறக்கி 32 வச்சுடவா?"ன்னு கேப்பான், இவரும் சரி தம்பின்னு தலையாட்டுவாரு. அவ்வளவு தான். அந்த 45 டிகிரியில வச்ச 32, விடிய 5 டிகிரிக்கு வந்ததும் 26, 27க்கு விழுந்துடும். அஞ்சு பிஎஸ்ஐக்கு மேல போச்சு. உயரம் இங்க உதவிக்கு வராது, ஏன்னா அடிச்சதும் இங்க, ஆறினதும் இங்க. அமெரிக்காவுல சட்டப்படி அந்த எச்சரிக்கை லைட் எரிய வேண்டிய அளவு, கொம்பனி சொன்ன அழுத்தத்துல 25 வீதம் குறையும்போது. 35 போட வேண்டிய வண்டிக்கு 26ங்கறது அந்தக் கோடு தான். ஜப்பான்ல இருந்து வந்த நம்ம பழைய கார்கள்ல நெறைய வண்டிக்கு அந்த சென்சரே இல்ல, லைட்டும் எரியாது, அவங்க அப்படியே ஹக்கல இறக்கத்துல வெலிமடைக்கு இறங்கிப் போவாங்க.

சூடா இருக்கற டயர்ல காத்த எறக்காதீங்க. இத எத்தனை தடவை வேணும்னாலும் சொல்லுவேன். கொம்பனிக்காரன் எழுதி வச்சிருக்கற அளவு ஆறின டயருக்கு. ஆறினதுன்னா மூணு மணித்தியாலம் நின்ன வண்டி, இல்லன்னா ரெண்டு கிலோமீட்டருக்குள்ள மெதுவா ஓடின வண்டி. டிரைவர் பக்கக் கதவத் திறந்தா தூண்ல ஒட்டியிருக்கற ஸ்டிக்கர்ல அந்த அளவு இருக்கும், ஜப்பான் வண்டின்னா கேபிஏங்கற வேற அலகுல போட்டிருப்பாங்க, 230ன்னு இருந்தா அது 33 பிஎஸ்ஐ. ஆள் நெறைஞ்சு சாமானும் ஏத்தினா பின் டயருக்கு வேற அளவு போட்டிருக்கும் சில வண்டிகள்ல, அதையும் பாருங்க. கையில சொந்தமா ஒரு கேஜ் வச்சுக்கிறது நல்லது, ஷெட்டுல தொங்கற கேஜ் எத்தனை தடவை கீழ விழுந்து அடி வாங்கினதுன்னு யாருக்குத் தெரியும். காலையில எழும்பி டீ குடிக்கறதுக்கு முன்னாடி நாலு டயரையும் ஒரு தடவை அமத்திப் பாக்க மூணு நிமிஷம் போதும். அவசரத்துக்கு சூடான டயர்ல காத்து அடிக்க வேண்டி வந்தா ஸ்டிக்கர்ல இருக்கறத விட நாலு பிஎஸ்ஐ கூடவே வச்சுட்டு, அடுத்த நாள் காலையில ஆறின பிறகு சரி பண்ணிக்கலாம்.

இங்கேயே இருக்கற நம்ம ஆளுங்களுக்கு வேற மாதிரிப் பிரச்சினை. செப்டெம்பர்ல பகல்ல 20 டிகிரியில 33 போட்டு வச்சது ஜனவரி விடியலுக்கு குளிர்ல மட்டும் ரெண்டு பிஎஸ்ஐக்கு மேல குறைஞ்சிருக்கும், அதோட எந்த டயரும் ஓட்டையே இல்லாம கூட மாசத்துக்கு ஒரு பிஎஸ்ஐ போல ரப்பர் வழியாக் காத்தக் கசிய விடும். ரெண்டும் சேர்ந்து பொங்கலுக்கு 27ல வந்து நிக்கும். வெளியில பாத்தா தெரியாது, இப்ப வர்ற ரேடியல் டயர் 27லயும் 33லயும் கண்ணுக்கு ஒரே மாதிரித்தான் இருக்கும்.

நைட்ரஜன் போட்டா குளிர்ல இறங்காதுன்னு ஒரு கதை ஓடுது, அதையும் சொல்லிடறேன். சாதாரணக் காத்துலயே 78 வீதம் நைட்ரஜன் தான். குளிர்ந்தா அதுவும் அதே கணக்குல தான் சுருங்கும். அதுல இருக்கற நன்மை, ஈரப்பதம் இல்ல, கசிவு கொஞ்சம் மெதுவா இருக்கும், அவ்வளவு தான். சும்மா கெடைச்சா போட்டுக்கலாம், காசு குடுத்து போட்டுட்டு இனிமே காத்தே பாக்கத் தேவையில்லன்னு இருந்துடாதீங்க.

காத்துக் குறைஞ்ச டயர் தட்டையான ரோட்டுல பெட்ரோலத் தின்னும், ஓரம் தேயும், அதோட போச்சு. நம்ம ரோட்டுல வளைவுல தான் அது வேலையக் காட்டும். ரம்பொடை வளைவுகள்ல ஸ்டியரிங் திருப்பினதுக்கும் வண்டி திரும்பறதுக்கும் நடுவுல ஒரு சின்னத் தாமதம் வரும், டயரோட பக்கச் சுவர் மடிஞ்சு குடுக்கறது அது. மழைத் தண்ணி ரோட்டுல ஓடும்போது அந்த டயர் சீக்கிரமாத் தண்ணி மேல ஏறி மிதக்கும். தோட்டத்து ரோட்டுல குழியில இறங்கினா ரிம் அடி வாங்கும். இதோட குளிர் ரப்பரையும் விறைக்க வச்சிடும். சாதாரண டயரோட ரப்பர் 7 டிகிரிக்குக் கீழ போனா பிடிப்பு குறையும்னு டயர் கொம்பனிகளே சொல்றாங்க. நமக்கு அந்த 7 டிகிரி வருஷத்துல கொஞ்ச நாள், அதுவும் விடியக்காலையில கொஞ்ச நேரம் தான், அதுக்காக விண்டர் டயர் வாங்கத் தேவையே இல்ல, முதல் நாலஞ்சு கிலோமீட்டர் மெதுவாப் போய் டயரச் சூடேத்திக்கிட்டா போதும். மிஸ்ட் இறங்கி ரோடு நனைஞ்சு மேல தேயிலைத் தோட்டத்து சேறும் ஒட்டியிருக்கற நேரம் அது, எப்படியும் வேகமாப் போகக்கூடாத நேரம்.

விண்டர் டயர்ன்னதும் ஞாபகம் வருது. ஜப்பான்ல பாவிச்ச டயர் மலிவா விக்கிறாங்க, சில நேரம் காரோடயே வந்திருக்கும், பட்டன் எல்லாம் புதுசு மாதிரி ஆழமா இருக்கும், பக்கத்துல ஸ்டட்லெஸ்னு இங்கிலிஷ்ல எழுதியிருந்தா அது பனி ரோட்டுக்குச் செஞ்ச டயர். ரப்பர் ரொம்ப மெது. நுவரெலியா குளிருக்கு நல்லதுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, நம்ம ஊர்ல ஐஸ் ரோடு கிடையாது, அந்த மெதுவான ரப்பர் கினிகத்தேனை தாண்டி கீழ இறங்கினதும் வெயில்ல சீக்கிரமாத் தேயும், ஈர ரோட்டுல பிரேக் அடிச்சா சாதாரண டயர விடக் கூட தூரம் போய்த்தான் நிக்கும். எந்த டயர் வாங்கினாலும் பக்கத்துல நாலு இலக்கம் ஒரு சின்ன வட்டத்துக்குள்ள இருக்கும், பாத்து வாங்குங்க, 2319ன்னா 2019ம் வருஷம் 23வது வாரம் செஞ்சது. பழசான ரப்பர் குளிர்ல இன்னும் கூட விறைக்கும், பக்கச் சுவர்ல மயிர் மாதிரி வெடிப்பு இருந்தா பட்டன் எவ்வளவு இருந்தாலும் அதை மலை ரோட்டுக்குப் போடாதீங்க.

இப்ப எயார் சஸ்பென்ஷனுக்கு வருவோம், நான் முக்கியமா எழுத நெனச்சது இது தான், ஏன்னா இதுல தான் சனம் தேவையில்லாம பயப்படுது, பயப்பட வேண்டிய இடத்துல சும்மா இருக்குது.

எயார் சஸ்பென்ஷன்னா இரும்பு ஸ்ப்ரிங்குக்குப் பதிலா ரப்பர் பை, கராஜ்ல எயார் பேக்னு சொல்லுவாங்க, விபத்துல விரியற எயார் பேக் வேற இது வேற. அதுக்கு காத்து அடிக்கற ஒரு கொம்ப்ரஸர், காத்தப் பிரிச்சு விடற வால்வ் பெட்டி, வண்டி எவ்வளவு உயரத்துல நிக்குதுன்னு பாக்கற சென்சர். ரேஞ்ச் ரோவர், பென்ஸ், ஆவுடின்னு பெரிய வண்டிகள்ல நாலு பக்கமும் இருக்கும், சில பிராடோவுல பின்னுக்கு மட்டும் இருக்கும், பெரிய ஏசி பஸ்கள்லயும் இருக்கு.

குளிர்ல டயருக்கு நடக்கறதும் இதுக்கு நடக்கறதும் ஒண்ணு இல்ல. டயர்ல இடம் மாறாது, அழுத்தம் குறையும். எயார் பேக்ல அழுத்தத்தத் தீர்மானிக்கறது மேல உக்காந்திருக்கற வண்டியோட பாரம், பாரம் மாறல, அதனால காத்து குளிர்ந்து சுருங்கும்போது பை தான் சிறுசாகும், வண்டி இறங்கும். சாயந்திரம் 20, 25 டிகிரியில சரியான உயரத்துல நின்ன வண்டி விடிய 5 டிகிரியில உள்ள இருக்கற காத்துல அஞ்சுல இருந்து ஏழு வீதம் சுருங்கியிருக்கும். கண்ணால பாத்தா ஒரு விரல் தடிப்பு இறங்கியிருக்கும். ரெண்டு பக்கமும் ஒரே அளவு. ஸ்டார்ட் பண்ணினதும் கொம்ப்ரஸர் ஓடி தூக்கிடும். இது பழுது இல்ல.

போன தடவை பொங்கலுக்கு எங்க அக்காவும் மச்சானும் வெள்ளவத்தையில இருந்து பிராடோவுல வந்தாங்க, பின்னுக்கு எயார் பேக் உள்ள வண்டி. காலையில மச்சான் ஜாக்கெட்டும் மங்கி தொப்பியுமா முத்தத்துல நின்னு வண்டியையே பாத்துக்கிட்டு இருந்தாரு.

"தம்பி, வந்து பாருங்க, பின்னுக்குக் குந்திருச்சு. லொறியில ஏத்தித்தான் கொழும்புக்குக் கொண்டு போகணும் போல."

"பொறுங்க மச்சான், ஸ்டார்ட் பண்ணாதீங்க இன்னும்"னு சொல்லிட்டு டோர்ச் எடுத்துக்கிட்டு போனேன். வலது பக்கம் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவுல கையை வச்சா நாலு விரல் அளவு இடம், இடது பக்கம் ரெண்டு விரல் கூட நுழையல. நிலம் சமமா இருக்கான்னு முதல்ல பாத்தேன், நம்ம பக்கம் முத்தமே சரிவாத்தான் இருக்கும், சரிவுல நிறுத்தினா பாரம் ஒரு பக்கம் போய் அந்தப் பக்கம் தாழ்ந்து தான் தெரியும், அதை வச்சு முடிவு சொல்ல முடியாது. வண்டி நின்னது சிமெந்து போட்ட இடம், சமம் தான். அப்போ இது குளிர் மட்டும் இல்ல. ஸ்டார்ட் பண்ணச் சொல்லி வண்டி மேல ஏறினதும், உயரம் திரும்ப இறங்காம இருக்க அச்சு பக்கம் கட்டை குடுத்துட்டு, ஒரு போத்தல்ல தண்ணியும் டிஷ் கழுவற சோப்பும் கலந்து இடது பையில ஊத்தினோம். பை மடிஞ்சு உருளற இடத்துல ஒண்ணும் இல்ல. மேல டியூப் வந்து பொருந்தற இடத்துல பொடிப் பொடியா நுரை கெளம்பிச்சு, மச்சான் குனிஞ்சு "ஆமாப்பா, கொப்புளம் வருது"ன்னாரு. ஹட்டன்ல எனக்குத் தெரிஞ்ச ஒரு மெக்கானிக் பாஸ் இருக்காரு, அவருக்குப் போன் போட்டேன். "அது ஓரிங் தான் தம்பி, ரப்பர் வளையம், குளிர்ல விறைச்சு சுருங்கி வழி விடுது, பகல்ல சூடானா தானா மூடிக்கும், அதனால கொழும்புல தெரியாது. வாங்க மாத்தி விடறேன்"ன்னாரு. சின்ன வளையம் தான். மாத்தினதுக்கு அடுத்த நாள் காலையில ரெண்டு பக்கமும் ஒரே உயரம்.

பாஸ் சொன்ன அந்தக் காரணத்தக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. வெப்பமான ஊர்ல ரப்பர் இளகி அடைச்சுக்கிட்டிருக்கற சின்னக் கசிவு நம்ம ஊர் விடியலுக்குத்தான் வெளிய வருது. அப்போ மலைக்கு வந்த இடத்துல வண்டி ஒரு பக்கம் குந்தினா "குளிர் வண்டியக் கெடுத்துருச்சு"ன்னு சொல்லிட்டுக் கீழ போனதும் சரியாயிடுச்சுன்னு மறந்துடாதீங்க, கீழ வெயில்ல அந்தக் கசிவு ஒளிஞ்சிருக்கும், இன்னும் ஒரு வருஷத்துல பெருசாகும். அந்தக் கசிவு நடந்துக்கிட்டிருக்கற நேரமெல்லாம் கொம்ப்ரஸர் அடிக்கடி ஓடி ஈடு கட்டும், அதிகமாச் சூடாகும், சில நேரம் அதுக்குக் கரண்ட் விடற சுவிட்ச், ரிலேன்னு சொல்றது, ஒட்டிக்கிட்டு நிக்காமலே ஓடிக் கருகும். வளையத்தோட போக வேண்டியது கொம்ப்ரஸர் மாத்தற செலவுல வந்து நிக்கும்.

ஒரு விஷயம், சில ரேஞ்ச் ரோவர் மாதிரி வண்டிகள் நிறுத்தி வச்சிருக்கும்போதே தானா முழிச்சு உயரம் பாக்கும், ஒரு மூலை இறங்கியிருந்தா மத்த மூணையும் அதுக்குச் சமமா இறக்கிடும். அதுல ஒரே ஓட்டை இருந்தாலும் காலையில நாலு பக்கமும் சமமாத் தாழ்ந்து நிக்கும், பாக்கறவங்க குளிர்னு நெனப்பாங்க. ஒரு விரல் இறங்கினா சரி, வண்டி வயித்தக் கீழ வச்சுப் படுத்திருந்தா அது குளிர் இல்ல. அந்த மாதிரி வண்டிக்கு ராத்திரி சஸ்பென்ஷன் பியூஸக் கழட்டி வச்சா எந்த மூலை கசியுதோ அது மட்டும் இறங்கும், காலையில ஆளப் பிடிச்சிடலாம். எந்த பியூஸ்னு தெரியாம கையை வைக்காதீங்க, தெரிஞ்சவங்கள வச்சு செய்யுங்க.

அப்புறம் ஈரம். வெளிநாட்டுக்காரன் எழுதறதுல பெரிய பயம் பைப்புக்குள்ள தண்ணி உறைஞ்சு வால்வ் அடைக்கறது. நம்ம பக்கம் காத்தோட வெப்பம் பூச்சியத்துக்குக் கீழ போறது அபூர்வம், உறைபனி விழற ராத்திரியில கூட காத்து மூணு நாலு டிகிரியில இருக்கும், திறந்த வானத்துக்குக் கீழ இருக்கற புல்லும் கார் கூரையும் தான் சூட்ட வானத்துக்கு விட்டுட்டு இன்னும் குளிர்ந்து பனி பிடிக்கும். அதனால நமக்கு உறையறது முக்கியமான பயம் இல்ல, நமக்கு மிஸ்ட். வருஷத்துல பாதி நாள் நனைஞ்ச காத்து தான், அதைத்தான் கொம்ப்ரஸர் உறிஞ்சுது. கொம்ப்ரஸரோட ஒரு சின்ன டப்பா இருக்கும், உள்ள சிலிக்கா மணிகள், ஈரத்தப் பிடிச்சு வைக்கும், வண்டி இறங்கும்போது வெளிய போற காய்ஞ்ச காத்து அந்த மணிகளத் திரும்பக் காய வைக்கும். கசிவு இருந்தா என்ன ஆகும், காத்து ஓட்டை வழியாப் போகுது, மணிகள் வழியாத் திரும்பி வரல, காயவே இல்ல, கொம்ப்ரஸர் மட்டும் ஓடி ஓடி ஈரத்த உள்ள ஏத்துது. கடைசியில மணி பொடியாகி வால்வுக்குள்ள போகும், வால்வ் பெட்டி உள்ள துரு பிடிக்கும். கொம்ப்ரஸர் மாத்தறவங்க அந்த டப்பாவையும் மணியையும் ரிலேயையும் சேர்த்து மாத்தாம விட்டா புது கொம்ப்ரஸரும் அதே வழியில போகும்.

பெரிய பஸ் ஓட்டறவங்களுக்கு இது பழக்கம். ஹட்டன் ஸ்டாண்ட்ல காலையில முதல் ட்ரிப்புக்கு முன்னாடி டிரைவர் குனிஞ்சு எயார் டேங்குக்குக் கீழ இருக்கற வால்வ இழுத்து விடுவாரு, புஸ்ஸுன்னு சத்தத்தோட ஒயில் கலந்த வெள்ளைத் தண்ணி ரோட்டுல தெறிக்கும், சுத்தமான காத்து வர்ற வரைக்கும் பிடிச்சுக்கிட்டு இருப்பாரு. பஸ்சுல பிரேக்கும் அதே காத்துல தான் ஓடுது, அதனால அவங்க ஒரு நாளும் விட மாட்டாங்க. அந்த அக்கறைய சின்ன வண்டிக்காரங்களும் எடுத்துக்கிட்டா எவ்வளவோ நல்லது.

உயரமும் கொம்ப்ரஸருக்குக் கஷ்டம் தான், வெளிக் காத்தோட அழுத்தமே கம்மியா இருக்கறதால ஒவ்வொரு இழுப்புலயும் உள்ள போற காத்தும் கம்மி, கொழும்புல தூக்கற நேரத்த விட இங்க கொஞ்சம் கூடவே எடுக்கும், அதுக்காகப் பதறத் தேவையில்ல. ஆனா குளிர்ல பெட்டரியும் பலம் குறைஞ்சிருக்கும், கொம்ப்ரஸர் நல்ல கரண்ட் இழுக்கற சாமான், பழைய பெட்டரியா இருந்தா கரண்ட் விழுந்து டாஷ்போர்ட்ல சஸ்பென்ஷன் எச்சரிக்கை வரும், எயார் பேக்ல ஒண்ணுமே இருக்காது. எஞ்சினை ஓட விட்டு ரெண்டு மூணு நிமிஷம் பொறுத்து, வண்டி அதோட உயரத்துக்கு வந்த பிறகு மட்டும் நகத்துங்க. தாழ்ந்து நிக்கும்போதே ஓட்டினா மடிஞ்ச பை உரசிக் கிழியும், ஷொக் அப்சோபரும் அடி வாங்கும்.

எயார் பேக்கக் கழட்டிட்டு இரும்பு ஸ்ப்ரிங் போட்டுடலாமான்னு கேக்கறவங்க நெறைய. இது புதுப் பழக்கம் இல்ல, 1957ல அமெரிக்காவுல கடிலாக் எல்டொராடோ ப்ரோம்னு ஒரு ஆடம்பரக் கார எயார் சஸ்பென்ஷனோட விட்டாங்க, அது கசிஞ்சு கசிஞ்சு, வாங்கினவங்க நெறைய பேர் கழட்டிட்டு கொயில் ஸ்ப்ரிங் போட்டாங்க. நம்ம நாட்டுல 2020 மார்ச்ல வாகன இறக்குமதிய நிறுத்தினது 2025 பெப்ரவரியில தான் தனியார் வாகனங்களுக்குத் திறந்தாங்க, அந்த இடைவெளியில இருந்த வண்டிகளையே வச்சு ஓட்டினோம், பத்துப் பதினைஞ்சு வருஷ ரப்பர் பையெல்லாம் இன்னும் ஓடிக்கிட்டு இருக்கு, பார்ட்ஸ் விலையும் தெரிஞ்சது தான். அந்த நிலைமையில ஸ்ப்ரிங் போட்டவங்கள நான் குறை சொல்ல மாட்டேன். ஆனா என் மனசுல பட்டதச் சொல்றேன், பிராடோ மாதிரி பின்னுக்கு மட்டும் உள்ள வண்டிக்கு அது சரி, நாலு பக்கமும் உள்ள வண்டிக்கு மாத்தினா வளைவுல வண்டி சாயற விதமே மாறிடும், கொம்பியூட்டரும் சும்மா இருக்காது. ஒரு ஓரிங்குக்காக அவ்வளவு தூரம் போகாதீங்க, முதல்ல சோப்புத் தண்ணி ஊத்திப் பாருங்க.

கடைசியா ரெண்டு விஷயம். இறங்கும்போது முதல் கியர், ரெண்டாவது கியர் பாவிக்காம ரம்பொடையில இருந்து கம்பளை வரைக்கும் பிரேக்லயே வந்தா அந்தச் சூடு ரிம் வழியா டயருக்கும் ஏறும், கீழ வந்து கேஜ் வச்சா 38, 39 கூடக் காட்டலாம், பயந்து எறக்கிடாதீங்க, டயர் ஆறட்டும். வழியில டயர் மாத்த வேண்டி வந்தா எயார் சஸ்பென்ஷன் உள்ள வண்டிக்கு ஜேக் போடறதுக்கு முன்னாடி உயரத்தத் தானா சரி பண்றத நிறுத்துங்க, வண்டிக்கு வண்டி அதுக்கு ஒரு ஸ்விட்ச்சோ மெனுவுல ஒரு இடமோ இருக்கும், புக்ல போட்டிருக்கு. நிறுத்தாம தூக்கினா ஒரு பக்கம் ஏறுதுன்னு கொம்பியூட்டர் பையில இருக்கற காத்த வெளிய விட்டு சமப்படுத்தப் பாக்கும், வண்டி ஜேக் மேல நிக்கும்போது அசையும், கீழ ஆள் இருந்தா ஆபத்து. ஸ்பெயார் டயர்லயும் அன்னிக்குக் காலையிலயே காத்துப் பாத்து வச்சுக்கோங்க, அது டிக்கியிலயோ வண்டிக்கு அடியிலயோ மாசக்கணக்காக் கெடக்கும், அதுலயும் மாசம் ஒரு பிஎஸ்ஐ போய்க்கிட்டு தான் இருக்கும்.